ராணுவத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஆக முடியுமா?

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறாள். பிளஸ் டூ உயிரியல் பிரிவு படிக்கிறாள். அப்பா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ரிட்டயர் ஆனவர். அவரோடு வேலை பார்த்த ஒருவருக்கு வலது கை போய்விட்டது. புனேயில் சிகிச்சை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், இப்போது சட்டை பட்டன் போடுவதிலிருந்து மாட்டுக்குத் தீவனம் வைப்பது வரை தானே செய்கிறாராம். அவருக்கு அதையெல்லாம் பழக்கிவிட்டவர் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்று கேள்விப்பட்டதும் இவளுக்கு ஆசை வந்துவிட்டது. "ராணுவத்தில் அந்த வேலைக்குப் போக என்ன படிக்க வேண்டும்? அமெரிக்காவில் நேரே ஆபீசராகவே எடுக்கிறார்களாமே, இங்கேயும் அப்படி உண்டா?" என்பது கேள்வி.

ஆபீசர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ராணுவத்தில் டாக்டர்களுக்கு ஆர்மி மெடிக்கல் கோர் இருக்கிறது, பல் டாக்டர்களுக்கு டென்டல் கோர் இருக்கிறது, நர்சுகளுக்கு மிலிட்டரி நர்சிங் சர்வீஸ் இருக்கிறது. ஆக்குபேஷனல் தெரபி படித்தவர்களுக்கென்று கமிஷன், அதாவது ஆபீசர் பதவி, கொடுக்கும் பிரிவு எதுவும் இல்லை. ராணுவ மருத்துவமனைகளில் இந்த வேலைக்கு வருவது சிவிலியன் பணியிடம்தான். அதாவது மத்திய அரசு ஊழியராகச் சேரலாம், ஆனால் சீருடையும் ரேங்க்கும் கிடையாது. இடங்களும் குறைவு. அறிவிப்பு எப்போதாவதுதான் வரும்.

இதைப் படித்ததும் மனசு விட்டுவிடாதே. இந்தத் தொழிலை முழுதாகச் சொன்னால்தான் உனக்கு விஷயம் புரியும். அடிபட்ட சிப்பாய்க்கு ஆபரேஷன் செய்வது ராணுவ மருத்துவமனை, கால் பொருத்தி அனுப்புவதும் அவர்கள்தான். அதற்குப் பிறகு அவர் வாழ வேண்டியது ஒரத்தநாட்டிலோ பட்டுக்கோட்டையிலோ வலங்கைமானிலோ இருக்கிற தன் வீட்டில். எங்கள் வேலையின் பெரும்பகுதி அங்கேதான் ஆரம்பிக்கிறது.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரர், எல்லையில் கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் நன்றாகப் பொருந்தியிருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாருக்கும் வித்தியாசம் தெரியாதபடி நடந்தார். பிசியோதெரபி அந்த அளவுக்கு அவரைக் கொண்டுவந்திருந்தது, அதுவே பெரிய காரியம். ஆனால் அவர் என்னிடம் கேட்டது வேறு. "நடவுக்கு ஆள் இருக்கு மேடம். ராத்திரி தண்ணி பார்க்கப் போகணும், மடை மாத்தி விடணும். அதுக்கு நான்தான் போகணும்."

யோசித்துப் பார். வரப்பு ஒரு முழ அகலம் இருந்தால் அதிகம். சம்பா சமயத்தில் அது சறுக்கும். செயற்கைப் பாதத்துக்குக் கீழே தரை எப்படி இருக்கிறது என்ற உணர்வு மேலே வராது, நம் கணுக்கால் தானாகத் தெரிந்துகொள்கிற விஷயத்தை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் பகலில் நடக்கிற ஆள் இருட்டில் தடுமாறுவார். ஒரு கையில் டார்ச், ஒரு கையில் மண்வெட்டி என்றால் ஊன்றுவதற்குக் கை இல்லை. சேற்றில் காலை வைத்து எடுத்தால் சேறு பாதத்தைப் பிடித்து இழுக்கும், செயற்கைக் காலின் மேல்கூடான சாக்கெட், மிஞ்சியிருக்கிற காலான ஸ்டம்ப்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நழுவும்.

முதலில் தரையில் பலகை போட்டு நடக்க வைத்தோம். அப்புறம் மணல் மூட்டைகளை வரிசையாக அடுக்கி அதன்மேல். ஆற்றில் தண்ணீர் வருவதற்கு முன், கோடையில் காய்ந்து கிடந்த அவருடைய சொந்த வரப்பிலேயே பகலில் பழக்கினோம், பிறகு பொழுது சாய்ந்து. கை டார்ச்சுக்குப் பதில் தலையில் கட்டும் விளக்கு. வலது கையில் ஊன்றுகோல், ஏனென்றால் கால் போன பக்கத்துக்கு எதிர்க் கையில்தான் கோல் இருக்க வேண்டும். மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போகாமல் மடைக்குப் பக்கத்திலேயே ஒன்றை வைத்துவிட்டார், அது அவர் யோசனை. சாக்கெட் நழுவாமலிருக்கத் தொடைக்கு மேலே ஒரு பட்டை. வயலில் இறங்காமல் வரப்போடு நிற்பது என்று அவரே ஒரு எல்லை வைத்துக்கொண்டார்.

இதில் முக்கியமான ஒன்று, வீட்டுக்கு வந்ததும் காலைக் கழற்றி ஸ்டம்ப்பைக் கழுவித் துடைத்து, ஒரு சின்னக் கண்ணாடியை அடியில் பிடித்துச் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது. சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால் மறுநாள் கால் மாட்டக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வராததால் புண்ணாகி, கால் இருந்தும் மாட்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நமக்கு ஜெய்ப்பூர் கால் ஒரு பெரிய வரம். 1968-ல் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் ஜெய்ப்பூரில் உருவாக்கியது. வெறுங்காலோடு நடக்கலாம், குந்தி உட்காரலாம், சேற்றில் இறங்கலாம் என்று நம் ஊர் வாழ்க்கையை மனதில் வைத்தே செய்தார்கள்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் இதுதான். அந்த மனிதர் எந்த வேலையைத் தன் வேலை என்று நினைக்கிறாரோ அதைக் கண்டுபிடித்து, அதற்கு அவரைத் திரும்பக் கொண்டுபோய் விடுவது. சிலருக்கு அது மடை மாற்றுவது, சிலருக்குப் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் பைக்கில் கொண்டுபோய் விடுவது, ஒருவருக்குத் தன் கையால் வேட்டி கட்டிக்கொள்வது.

போரோடு இந்தத் தொழிலுக்கு உள்ள உறவு பழையது. அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்கான முதல் சங்கம் 1917 மார்ச்சில் அமைந்தது, அடுத்த மாதமே அந்த நாடு முதல் உலகப் போரில் இறங்கியது. காயம்பட்டவர்களுக்கும் குண்டுச் சத்தத்தில் மனம் கலங்கியவர்களுக்கும் கைவேலை கொடுத்துத் தேற்ற இளம்பெண்களைப் பயிற்சி கொடுத்து பிரான்சுக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு அப்போது ராணுவ அந்தஸ்து எதுவும் கிடையாது. 1947-ல்தான் உணவியல், பிசியோ, ஆக்குபேஷனல் தெரபி மூன்றுக்கும் சேர்த்துப் பெண்களுக்கான தனி கோர் வந்து, அதிகாரி அந்தஸ்து கிடைத்தது. 1955-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். நீ கேள்விப்பட்ட அமெரிக்க ஆபீசர் வேலை அந்த வழியில் வந்தது. இன்று அங்கே முதுநிலை அல்லது டாக்டரேட் பட்டமும், தேசியத் தேர்வில் தேர்ச்சியும், லைசென்சும் வேண்டும். அதற்கெல்லாம் மேலே, ஆபீசராக அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆகவே இங்கே படித்துவிட்டு அங்கே போய் ராணுவத்தில் சேரலாம் என்று யாராவது கன்சல்டன்சி ஆசை காட்டினால் பணம் கட்டாதே.

நம் நாட்டிலும் இந்தக் கதை ராணுவத்தோடு சேர்ந்துதான் போகிறது. ஊனமுற்ற சிப்பாய்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க 1917-லேயே குயின் மேரிஸ் டெக்னிக்கல் இன்ஸ்டிடியூட் பம்பாயில் வந்துவிட்டது, பிறகு அது புனே கிர்க்கிக்கு மாறியது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1944-ல் அதே புனேயில் செயற்கை உறுப்புகளுக்கான ஆர்ட்டிஃபிஷியல் லிம்ப் சென்டர். முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர்களுக்காக 1974-ல் கிர்க்கியில் பாராப்ளெஜிக் ரிஹாபிலிடேஷன் சென்டர், பிறகு மொகாலியில் இன்னொன்று. உன் அப்பாவின் நண்பர் புனேக்குப் போனது இதனால்தான், அந்த ஊர் சிப்பாய்களின் மறுவாழ்வுக்குத் தலைநகரம் மாதிரி. 1965 போரில் குண்டடிபட்டுக் கால்கள் செயலிழந்த முரளிகாந்த் பேட்கர், சிகிச்சைக்காக ஆரம்பித்த நீச்சலில் 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக்ஸில் 50 மீட்டர் போட்டியில் தங்கம் வாங்கினார், பாராலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் தங்கம் அது. 2024 பாரிஸில் குண்டு எறிதலில் வெண்கலம் வாங்கிய ஹொகாடோ சேமாவும் கண்ணிவெடியில் கால் இழந்த சிப்பாய்தான்.

சிவிலியன் பக்கத்தில் படிப்பைத் தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே வாழ்ந்தவர். 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் முதல் பள்ளியை ஆரம்பித்தார். 1952-ல் அகில இந்திய சங்கம். அதே ஆண்டு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யை மறக்க முடியாது. 1954-ல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து சக்கர நாற்காலிக்கு வந்த டாக்டர் மேரி வர்கீஸ், அதே நாற்காலியில் உட்கார்ந்து ஆபரேஷன் செய்தார், மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அங்கே அந்தத் துறையைக் கட்டினார், 1966-ல் தனி மறுவாழ்வு நிலையமும் வந்தது.

சரி, படிப்பு. பி.ஓ.டி., அதாவது பேச்சலர் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி என்பது பட்டம். இதுவரை நான்கு வருடப் படிப்பும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்பும் என்று இருந்துவருகிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குள் இந்தத் தொழிலும் வந்துவிட்டது. அதனால் பாடத்திட்டம், படிப்புக் காலம், நுழைவுத் தேர்வு எல்லாம் மாற்றத்தில் இருக்கின்றன. போன வருடம் சேர்ந்த அக்கா சொன்னதை வைத்து முடிவு செய்யாமல், நீ விண்ணப்பிக்கிற வருடத்து அறிவிப்பை வரி விடாமல் படி. தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி., கோயம்புத்தூர் கே.எம்.சி.ஹெச்., காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். எனச் சில இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது. வெளியே கட்டாக் பக்கத்து ஓலட்பூர், கொல்கத்தா, டெல்லி ஆகிய இடங்களில் மத்திய அரசு நிறுவனங்கள் உண்டு. கட்டணம் குறைவு, வருகிற நோயாளிகள் அதிகம். வீட்டில் தூரம் என்று யோசிப்பார்கள். என்னைக் கேட்டால் அங்கே இடம் கிடைத்தால் விடாதே.

எங்கே சேர்ந்தாலும் இரண்டு விஷயம் விசாரி. அந்தப் படிப்புக்கு உலகக் கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்பது ஒன்று. அதற்குக் குறைந்தது 1000 மணி நேரம் நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி வேண்டும், நாளைக்கு வெளிநாடு போக நினைத்தாலும் இதுதான் முதலில் கேட்கப்படும். அந்தப் பயிற்சி எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில் என்பது இன்னொன்று. இந்தியாவில் இந்தப் படிப்பு முடித்தவர்களில் நிறையப் பேர் ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான மையங்களுக்குப் போய்விடுகிறார்கள். அது மிகத் தேவையான வேலைதான். ஆனால் உன் எண்ணம் சிப்பாய்கள் என்றால், கை அறுவை சிகிச்சைப் பிரிவு, முதுகுத்தண்டுப் பிரிவு, செயற்கை உறுப்பு மையம், மனநலப் பிரிவு இந்த நான்கிலும் கால் பதிக்காமல் வெளியே வராதே. முதுநிலை படிக்கும்போது நரம்பியலோ கை சிகிச்சையோ எடுக்கலாம்.

கை சிகிச்சையில் ஒன்றை மட்டும் காட்டுகிறேன். குண்டுச் சிதறலில் நரம்பு அறுந்தால் மணிக்கட்டு தொங்கிவிடும். அதைத் தாங்க ஸ்ப்ளின்ட் செய்வோம். தெர்மோபிளாஸ்டிக் தகட்டை எழுபது டிகிரி வாக்கில் சுடுகிற தண்ணீரில் போட்டால் சப்பாத்தி மாவு மாதிரி குழையும். எடுத்துத் துடைத்து, சூடு பொறுக்கிறதா என்று நம் கையில் பார்த்துவிட்டு அவர் கையில் வைத்து, மணிக்கட்டைக் கொஞ்சம் மேல்நோக்கி நிறுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறுகுவதற்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். அதற்குள் கோணம் தப்பினால் திரும்பத் தண்ணீரில் போட வேண்டும். உணர்ச்சி இல்லாத கையில் எலும்புமேல் ஒரு சின்ன அழுத்தம் இருந்தாலும் அவருக்குத் தெரியாது, இரவுக்குள் புண்ணாகிவிடும். கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். புத்தகத்தில் வராது.

இல்லாத கை வலிப்பதும் உண்மை. வெட்டி எடுத்த கையின் விரல்கள் இறுக மடங்கி நகம் உள்ளங்கையில் குத்துகிறது என்று சொல்வார்கள், வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். இதற்குக் கண்ணாடி சிகிச்சையைக் கொண்டுவந்தவர் நம்மவர், சென்னை ஸ்டான்லியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன், 1990களில். இருக்கிற கையின் பிம்பத்தைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே விரலை விரித்தால், இல்லாத கையும் விரிந்ததாக மூளை எடுத்துக்கொள்கிறது. 2007-ல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் முறையாகச் சோதித்தார்கள், கண்ணாடியைப் பார்த்துப் பயிற்சி செய்த குழுவுக்கு வலி குறைந்தது. எல்லாருக்கும் பலிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அலமாரிக் கண்ணாடி ஒன்று போதும், செலவே இல்லை, முயன்று பார்க்காமல் விடக் கூடாது.

காயமே இல்லாமல் வருகிறவர்களைப் பற்றியும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். சிப்பாய் முப்பத்தைந்து, நாற்பது வயதில் ரிட்டயர் ஆகிவிடுகிறார். விடியற்காலை நாலரைக்கு எழுந்துவிடுவார், எழுந்து செய்ய ஒன்றும் இருக்காது. வீடு அவர் இல்லாமலே நடக்கப் பழகியிருக்கும். பிள்ளைகள் அவரிடம் வராமல் அம்மாவிடம்தான் எல்லாம் கேட்பார்கள். பட்டாசுச் சத்தம் கேட்டால் திடுக்கிடுவார், தூக்கம் வராது, கேன்டீன் சரக்கு கையில் இருக்கும். "பென்ஷன் வருது, அப்புறம் என்ன குறை" என்று ஊர் சொல்லும். மனநல டாக்டர் மாத்திரை கொடுப்பார், அது வேண்டும். அதோடு அவருடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று மணிக்கு மணி எழுதி வாங்கி, அதில் அவருக்கு அர்த்தமுள்ள வேலைகளைத் திரும்பக் கோக்க வேண்டும், அந்த இடம் நம்முடையது. எனக்குத் தெரிந்த ஒருவர் இப்போது கிராமத்துப் பையன்களுக்கு விடிகாலையில் ஓட்டப் பயிற்சி கொடுக்கிறார், திருச்சி ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற பையன்கள். அந்த நாலரை மணி வீணாகவில்லை. டெல்டாவில் இந்த உதவி கிடைக்கிற இடங்கள் மிகக் குறைவு என்பது எனக்கு இன்றும் பெரிய வருத்தம்.

இனி வேலை வாய்ப்பு. ராணுவ மருத்துவமனைகளின் சிவிலியன் பணியிட அறிவிப்புகள் எம்ப்ளாய்மென்ட் நியூஸில் வரும், படிப்பு முடிந்ததும் அதை வாரம் தவறாமல் பார். கிர்க்கி போன்ற மறுவாழ்வு மையங்களுக்கு நேரடியாகவே எழுதிக் கேட்கலாம், இன்டர்ன்ஷிப் சமயத்தில் ஒரு மாதம் போய் இருக்க அனுமதி கேட்பதும் நல்லது. சி.ஆர்.பி.எஃப். போன்ற துணை ராணுவப் படைகள் பிசியோதெரபிஸ்ட்டை ஏ.எஸ்.ஐ. ரேங்க்கில் சீருடையோடு எடுத்திருக்கிறார்கள், அந்த விளம்பரங்களையும் கவனி. ஆனால் அந்த ஒரு விளம்பரத்தை நம்பிப் படிப்பை மாற்றாதே. 2003-ல் தொடங்கிய முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான ஈ.சி.ஹெச்.எஸ். நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நன்றாகத் தெரியும். அதில் அங்கீகாரம் பெற்ற தனியார் ஆஸ்பத்திரிகளின் மறுவாழ்வுப் பிரிவில் வேலை பார்த்தால் தினமும் பட்டாளத்துக்காரர்களைத்தான் பார்ப்பாய்.

சீருடைதான் வேண்டும் என்றால் அதுவும் நியாயமான ஆசை, அதற்கு வழி வேறு. நீட் எழுதி எம்.பி.பி.எஸ். முடித்து ஆர்மி மெடிக்கல் கோருக்குப் போகலாம், பிறகு மறுவாழ்வு மருத்துவத்தில் மேற்படிப்பு செய்யலாம். பெண்களுக்கு ராணுவ நர்சிங் கல்லூரி இருக்கிறது, அதற்கும் நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள், முடித்தால் நர்சிங் ஆபீசர். இரண்டுமே மதிப்பான வேலை. ஆனால் இரண்டும் ஆக்குபேஷனல் தெரபி இல்லை. ஸ்ப்ளின்ட் செய்வதும் வரப்பில் நடக்கப் பழக்குவதும் உன் கைக்கு வராது. உனக்கு எது வேண்டும் என்பதை இப்போதே உன்னிடம் நீயே கேட்டுக்கொள். அப்பாவின் நண்பரைப் பற்றிக் கேட்டு ஆசை வந்தது என்றால், எனக்கென்னவோ உனக்குப் பிடித்தது அந்த வேலைதான் என்று தோன்றுகிறது.

நம் ஊர் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. வெள்ளத்துக்குப் பயந்து இங்கே வீடுகளை உயர்த்திக் கட்டியிருப்பார்கள். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். இரண்டு அடித் திண்ணை என்றால் இருபத்துநாலு அடி, அது தெருவுக்கே வந்துவிடும். அதனால் பக்கவாட்டில் மடக்கி விட முடியுமா, கொல்லைப் பக்கம் தாழ்வாக இருக்கிறதா, நிலைப்படியை அறுத்தால் வீட்டுப் பெரியவர்கள் சம்மதிப்பார்களா என்று வீட்டிலேயே உட்கார்ந்து பேச வேண்டும். கழிவறைக் கதவின் அகலத்தை அளக்க டேப் எப்போதும் என் பையில் இருக்கும்.

இப்போதைக்கு நீ செய்ய வேண்டியது, அப்பாவை அழைத்துக்கொண்டு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போ. அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும் அடையாள அட்டையும் எடுத்துக்கொள். படைவீரர் பிள்ளைகளுக்கான பிரதமர் ஸ்காலர்ஷிப் பற்றிக் கேள். தொழிற்கல்விப் பட்டப் படிப்பில் முதல் வருடம் சேர்கிறவர்களுக்கானது, பிளஸ் டூவில் 60 சதவீதம் வேண்டும், பெண்களுக்கு மாதம் 3000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். பி.ஓ.டி. அந்தப் பட்டியலில் இருக்கிறதா, கவுன்சலிங்கில் படைவீரர் பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு உண்டா, அதற்கு என்ன சான்றிதழ் என்று மூன்றையும் அங்கேயே கேட்டு எழுதிக்கொண்டு வா. ஒரு சனிக்கிழமை தஞ்சாவூர் வந்தால் எங்கள் பிரிவில் காலையிலிருந்து உட்கார்ந்து பார்க்கலாம், நோயாளிகளிடம் நான் அனுமதி கேட்டு வைக்கிறேன். அப்பாவின் நண்பரும் வருவதாக இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வா. ஒற்றைக் கையால் பட்டன் போடுவதை எங்களிடம் இருக்கிற சிலருக்கு அவர் காட்டினால், நான் சொல்வதைவிட அவர் சொல்வதைத்தான் அவர்கள் கேட்பார்கள்.